குடியிருக்க ஓர் ஊர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

"இவ்வாண்டு நீங்களும் பேச வேண்டும்" என்று செயலாளர் வந்து கேட்டபோது நான் மறுத்தேன். சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதும் கை மேடையேறி என்ன செய்யும் என்றேன். அவர் விடவில்லை. "மாலைதோறும் குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு எதைப் பேசுகிறீர்களோ, அதையே இங்கு வந்து பேசுங்கள், அது போதும்" என்றார். ஆகவே, நம் காலனி வாசலில் நாள்தோறும் நடக்கும் பேச்சையே இன்று மேடைக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.

நாகபுரியில் வாழும் நமக்கு ஒரு பொதுவான நோய் உண்டு. நாம் குடியிருக்கும் வீடு நம்முடையதன்று. சுவரில் ஆணி அடித்தாலும் அது ரயில்வேயின் சுவர். வாசலில் நட்ட முருங்கை காய்த்தாலும் அது ரயில்வேயின் மண். ஓய்வு பெற்ற சில மாதங்களில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகையால் நாற்பது வயதைக் கடந்தவுடன், "பிறகு எங்கே?" என்னும் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருவர் ஸ்ரீரங்கம் என்பார். மற்றொருவர் கோயமுத்தூர் என்பார். மூன்றாமவர், "கொடைக்கானலில் ஒரு குடிசை போதும்" என்பார். அங்கே குடிசைக்கு என்ன விலை என்பதை அவர் விசாரித்ததில்லை.

நானும் பல ஆண்டுகளாக ஒரு பழைய நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் என் கனவூரை எழுதி வந்திருக்கிறேன். அதை இன்று உங்கள் முன் படிப்பதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஊருக்கு மேற்கே மலை இருக்க வேண்டும். வெகு அருகில் வேண்டாம். மாலை வெயிலைச் சற்று முன்னதாகவே மறைத்துவிடும் தொலைவில் நின்றால் போதும். கிழக்கே வயல்வெளி. நடுவே வற்றாத ஆறு. ஆற்றுக்குப் படித்துறை; படித்துறையருகே ஒரு மருதமரம். வெயில் 32 டிகிரிக்கு மேல் ஏறலாகாது. குளிர் ஒரு போர்வைக்குள் அடங்க வேண்டும். மழை இரவில் பெய்து, பால்காரர் வரும் முன்னர் நின்றுவிட வேண்டும். கடல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் காற்று மாலையில் வந்து போக வேண்டும். இதைப் படித்துக் காட்டியபோது என் மனைவி, "இவ்வளவும் கேட்கிறீர்கள், ரயில் நிலையம் பத்து நிமிட நடையில் வேண்டாமா?" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

இத்தகைய ஊர் இருக்க முடியுமா என்று ஆராயத் தொடங்கினேன். பள்ளி இறுதி வகுப்பில் படித்த பூகோளம் அப்போதுதான் எனக்குப் பயன்பட்டது. உயரே செல்லச் செல்லக் காற்று குளிரும். 1000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். உதகை சுமார் 2200 மீட்டர். 1908-ஆம் ஆண்டில் உதகை வரை சென்றடைந்த நம் மலை ரயில், 46 கிலோமீட்டர் தூரத்தில் பயணியை ஒரு பருவத்திலிருந்து இன்னொரு பருவத்துக்கு ஏற்றிச் செல்கிறது. கீழே விசிறிக்கொண்டு ஏறியவர் மேலே கம்பளி தேடுகிறார். 

ஆனால் என் திட்டத்தில் ஒரு பெரும் பிழை இருந்தது. மேற்கே மலை வேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து கொண்டுவரும் நீரை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, நம் பக்கம் வரும்போது வெறுங்கையோடு வருகிறது. வால்பாறை மேட்டில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதன் கீழேயுள்ள கோவைச் சமவெளியில் 700 மில்லிமீட்டரே பெரிது. மலையும் வேண்டும், ஆடி மாதத்துச் சாரலும் வேண்டும் என்றால் மலைத்தொடரில் ஓர் இடைவெளி இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் அத்தகைய பெரிய வாசல். கோவைக்குக் குளிர்காற்று அதன் வழியே வருகிறது. சிறிய வாசல் ஆரியங்காவுக் கணவாய். செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அதன் வழியே சாரல் வருகிறது.

அவ்வளவில் என் தேடல் முடிந்தது போலிருந்தது. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் வரையுள்ள நிலம். மேற்கே பொதிகை மலை. தாமிரபரணியோ இரு பருவ மழையையும் வாங்கிக்கொண்டு ஓடும் ஆறு. கார் என்றும் பிசானம் என்றும் இரண்டு போகம் நெல். ரயில் நிலையமும் உண்டு. நாட்குறிப்பில் அடிக்கோடிட்டுவிட்டு, "கண்டுபிடித்துவிட்டேன்" என்று வீட்டில் அறிவித்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அப்போது கேட்டாள்: "அப்பா, நாம் குற்றாலத்துக்கு எந்த மாதம் போனோம்?"

"ஜூலையில்."

"உதகைக்கு?"

"மே மாதத்தில். உனக்கு அப்போதுதானே விடுமுறை?"

"தாத்தா ஊருக்கு?"

"பொங்கலுக்கு. எப்போதும் பொங்கலுக்குத்தான்."

அவள் வேறொன்றும் சொல்லவில்லை. தன் பாடத்துக்குத் திரும்பிவிட்டாள். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாட்குறிப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். சாரல் என்பது ஜூலைக் குற்றாலம். குளிர் என்பது மே மாதத்து உதகை. நெல் மணக்கும் வயல் என்பது தை மாதத்து எங்கள் ஊர். ஒரு போர்வைக்குள் அடங்கும் இரவு என்று எழுதியிருந்தேனே, அது வேறெங்கும் இல்லை. டிசம்பர் மாதத்து நாகபுரியேதான்! ரயில்வே பாஸில் நல்ல மாதம் பார்த்துப் போய், நல்ல மாதத்தை மட்டும் கண்டு திரும்பிய ஒருவன், நான்கு ஊர்களின் நான்கு மாதங்களைக் கத்தரித்துத் தைத்து அதற்கு ஊர் என்று பெயர் வைத்திருக்கிறான்.

இங்கே சங்கப் புலவர்களை நினைத்துக்கொண்டேன். தமிழ்ச் சங்க மேடையில் திணையைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் நீங்களும் விடமாட்டீர்கள். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் கார்காலமும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் உரிய பெரும்பொழுதுகள் என்பர் இலக்கண நூலார். மலையையும் காட்டையும் அவற்றின் உரிய மாதத்திலேயே புலவர்கள் பாடினார்கள். அதாவது, நான் பாஸில் போனது போல! ஆனால் மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறு பெரும்பொழுதும் உரியவை என்று சொல்லிவிட்டார்கள். ஏன் இப்படி என்று அறிஞர்கள் பலவாறு விளக்குவர். எனக்குத் தோன்றுவது இது: உழவனும் மீனவனும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருந்தார்கள், மழையோ வெயிலோ பனியோ, அவர்களுக்குப் போக வேறிடம் இல்லை. இது புலமையன்று; ஓர் எழுத்தரின் ஊகம்.

அதுமுதல் என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். எந்த ஊரின் நல்ல மாதம் அழகானது என்று கேட்பதை விட்டு, எந்த ஊரின் கெட்ட மாதத்தை என்னால் தாங்க முடியும் என்று கேட்கத் தொடங்கினேன். இந்தக் கணக்குக்கு வந்தவுடன் பல ஊர்கள் பட்டியலிலிருந்து தாமாகவே இறங்கிக்கொண்டன.

உதகையின் கெட்ட காலம் தை மாதத்து விடியற்காலை. புல்லின் மேல் உறைபனி படியும். நம் காலனியில் இருந்த பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்று மலைமேல் குடியேறினார். இரண்டே குளிர்காலம். முழங்கால்கள் அவரைக் கீழே இறக்கிவிட்டன. இப்போது சமவெளியில் சுகமாக இருக்கிறார்.

தாமிரபரணிக் கரையின் கெட்ட மாதத்தை நாம் எல்லோரும் செய்தியாகப் படித்தோம். 2023-ஆம் ஆண்டு மார்கழி பிறந்த வேளையில், டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நாகபுரியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய அவ்வளவுதான். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. தண்டவாளத்தின் கீழிருந்த சரளைக்கல்லை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். பக்கத்து ஊரார் தங்கள் வீடுகளிலும் வெள்ளம் இருந்த நிலையில் அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். நாட்குறிப்பில் நான் அடிக்கோடிட்ட வற்றாத ஆறு அதே ஆறுதான்.

இனி என் சொந்த ஊருக்கு வருகிறேன். இதைப் பேசுவதா வேண்டாமா என்று நேற்றுவரை தயங்கினேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் உள்ளது. என் தகப்பனார் தம் கையால் வைத்த தென்னந்தோப்பு ஒன்று உண்டு, தொண்ணூறு மரங்கள். ஓய்வு பெற்றதும் அந்தத் தோப்பின் நடுவே ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொள்வது என்பது என் தொடக்க காலக் கனவு, நாட்குறிப்புக்கும் முந்தியது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 விடியற்காலையில், கார்த்திகை பிறக்கும் தறுவாயில், வேதாரணியத்துக்கு அருகே கஜா புயல் கரையேறிற்று. தஞ்சை, நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. எங்கள் தோப்பில் நின்றவை ஏழு.

அன்று நாகபுரியில் இதமான வெயில். சந்தையில் ஆரஞ்சு மலிந்திருந்தது. நான் அலுவலக வாசலில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் செய்தியைச் சொன்னார். தொலைபேசி கிடைக்கவில்லை, இரண்டு நாள் கழித்தே என் தம்பியின் குரலைக் கேட்டேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தேன். மின்சாரம் இல்லை. சாய்ந்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தோப்புக்குள் நடக்க வழியில்லை. வீட்டின் பின்புறம் நின்றால் தெரியாத அடுத்த ஊர்க் கோபுரம், இப்போது நடுவில் எதுவுமில்லாமல் தெரிந்தது. அம்மா கூரை பிரிந்த மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து தேங்காய்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

என் தம்பி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, நீங்கள் தைக்குத்தானே வருவீர்கள்? இப்போது எப்படி வந்தீர்கள்?" என்றான்.

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. வியந்துதான் கேட்டான். இருபது ஆண்டுகளாக நான் அந்த ஊரைக் கார்த்திகையில் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் என் நெஞ்சில் பட்டது. வாசலில் தண்ணீர் ஏறும் இரவுகளும், விறகு நனைந்து அடுப்பு பற்றாத காலைகளும் எப்போதும் அவன் பங்கு. கரும்பும் மஞ்சளும் என் பங்கு. நிலத்தை மட்டும் சரிபாதியாகப் பிரித்திருக்கிறோம்.

அவன் மறு ஆண்டே கன்றுகளை வைத்தான். அவற்றில் சில இப்போது பாளை விட்டுக் காய்க்கின்றன. "உங்கள் பங்கில் வீடு கட்டுவீர்களா, அல்லது அதையும் நான் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று சென்ற பொங்கலுக்குக் கேட்டான். என்னால் விடை சொல்ல முடியவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்பர்களே! நாகபுரியின் கெட்ட மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 42 டிகிரி என்பது சாதாரண நாள். 45-ஐத் தாண்டும் நாளும் வரும். நம் ஊரில் மே மாதக் கடைசியில் கத்திரி முடியும்போது இங்கே நவதபா தொடங்குகிறது. அங்கே கார்த்திகையைச் சுற்றிச் சூரியன் இருக்கும் காலம் கத்திரி. அதற்கடுத்த ரோகிணியில் நுழைந்தவுடன் வரும் ஒன்பது நாள் நவதபா. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து மே மாதம் 28-ஆம் தேதி இங்கு வந்து இறங்குபவர், ஒரு சூட்டிலிருந்து தப்பி இன்னொரு சூட்டில் விழுகிறார். (இந்தப் பயணத்தை என் மாமனார் ஒருமுறை செய்தார். இரண்டாம் முறை செய்யவில்லை.)

ஆயினும் இந்தச் சூட்டுக்கு ஒரு நேர்மை உண்டு. இது வறண்ட சூடு. காற்றில் ஈரம் இல்லாததால் நீர் விரைந்து ஆவியாகும். ஆவியாகும் நீர் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். கூலர்ப் பெட்டியில் மரச்சீவலும் வெட்டிவேரும் வைத்து நீர் சொட்டவிட்டால் அறை குளிர்ந்துவிடும். இதே பெட்டியைச் சென்னையில் வைத்தால் அறை புழுங்கும். அங்கே காற்று ஏற்கெனவே நீர் குடித்திருக்கிறது. பக்கத்து வீட்டு மராட்டிய ஆஜி என் மனைவிக்குப் பன்ஹே செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். மாங்காயை வேகவைத்துப் பிசைந்து, வெல்லமும் சீரகமும் சேர்த்த பானகம் அது. வெளியே போகும்போது சட்டைப்பையில் ஒரு வெங்காயம் வைத்துக்கொள்ளும்படி எனக்குக் கட்டளை. வெங்காயம் அனற்காற்றைத் தடுக்குமோ தடுக்காதோ. ஆஜியின் அன்பை மறுக்க முடியாது.

நான் நாட்குறிப்பின் புதிய கணக்கை மனைவியிடம் சொன்னபோது அவள் சற்று யோசித்துவிட்டு, "இந்த ஊர் மே மாதம் எனக்குத் தெரியும். எந்த ஜன்னலை எந்த மணிக்குச் சாத்த வேண்டும் என்பது தெரியும். உங்கள் ஊர்க் கார்த்திகை எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படித் தாங்குவேன், மாட்டேன் என்று சொல்வது?" என்றாள். நான் எழுதிய பக்கங்களில் எங்கும் இல்லாத சொல் அது. தாங்க முடியுமா என்று கேட்பதற்கு முன், பழகியிருக்கிறோமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இவ்வூர் ஆரஞ்சைப் பற்றி ஒன்று சொல்கிறேன். சரக்குப் பதிவுக்கு வரும் விவசாயிகளிடம் கேட்டறிந்தது. ஆரஞ்சு மரத்துக்கு எப்போதும் நீர் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் இலைதான் தழைக்கும். பூக்க வேண்டுமானால் சில வாரம் நீரை நிறுத்தி மரத்தைக் காயவிட வேண்டும். பிறகு நீர் விட்டால் ஒருசேரப் பூக்கும். கோடையில் காய்ந்து ஜூன் மழையில் பூப்பதை மிருக் பகார் என்கிறார்கள். குளிர்காலத்தில் காயவிட்டுப் பூக்கவைப்பதை அம்பியா பகார் என்கிறார்கள். ஆனால் எத்தனை நாள் காயவிடலாம் என்பது மண்ணைப் பொறுத்தது. கரிசல் ஆழமாக இருந்தால் அதிக நாள். மேலோட்டமான மண்ணில் அத்தனை நாள் விட்டால் மரமே பட்டுப்போகும். மனிதரிலும் எல்லோரும் ஒரே மண்ணில் நிற்கவில்லை. வயது முதிர்ந்தவர்கள், மூச்சு இரைப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு மே மாதத்து நாகபுரியில் பொறுமை பழகுங்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. அவர்களுக்கு உயிரைக் காப்பாற்றும் ஊரே உத்தமமான ஊர்.

என் முடிவு என்ன என்று நீங்கள் கேட்கலாம். முடிவுக்கு நான் இன்னும் வரவில்லை; அதற்கு வேண்டிய ஒரு காரியத்தை மட்டும் செய்திருக்கிறேன். இவ்வாண்டு பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போகப் போவதில்லை. பாஸைக் கார்த்திகைக்கு எழுதி வாங்கியிருக்கிறேன். பதினைந்து நாள். பிள்ளைகளின் பள்ளியில் விடுப்புக் கேட்டபோது ஆசிரியர், "திருமணமா?" என்று விசாரித்தார். "மழை பார்க்கப் போகிறோம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் கையெழுத்திட்டுவிட்டார்.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னபோது சிறிது நேரம் அவனிடமிருந்து பேச்சே வரவில்லை. பிறகு, "கொல்லைப்புறத்து வழி சேறாக இருக்கும் அண்ணா. அண்ணியைப் பழைய செருப்பாக எடுத்து வரச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு மேல்கூரை ஒழுகாத அறையை ஒதுக்கி வைக்கிறேன்" என்றான். அம்மா அவனிடமிருந்து தொலைபேசியை வாங்கி, எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று இரண்டு முறை கேட்டார்கள்.

என் நேரம் முடிந்ததாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசிய குழந்தைகளும் எட்டிப் பார்க்கிறார்கள்.